வளைந்த படமும் பழைய கரையும்



தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் தெலுக் ஆயர் தெருவுக்கு வந்துவிடலாம். மலாய் மொழியில் 'தெலுக்' என்றால் விரிகுடா. 'ஆயர்' என்றால் நீர். பெயரில் நீர் இருக்கிறது, தெருவில் இல்லை. எதிரே நிற்பவை வானளாவிய அலுவலகக் கட்டடங்கள். ஆனால் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்கா இங்கே கட்டப்பட்டபோது, அதன் வாசலுக்கு எதிரே கடல் இருந்தது. 1827-இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கி, 'குச்சுப் பள்ளி' என்று தமிழர் அழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசலுக்கும், 1839 முதல் 1842 வரை கட்டப்பட்ட தியன் ஹொக் கெங் சீனக் கோயிலுக்கும் அப்படித்தான். கடல் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் நன்றி செலுத்துவதற்காகக் கரையோரத்தில் எழுப்பிய தலங்கள் இவை.

அந்தக் கரை சரியாக எங்கே இருந்தது? சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் முன்னோர் கால் வைத்த மண், இன்றைய எந்தக் கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது? இதைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார். பழைய வரைபடம் ஒன்றை எடுத்து இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று உடனே தோன்றும். வைத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்துவதில்லை. ஒரு மூலையைப் பொருத்தினால் மறு மூலை விலகும். அதைப் பொருத்தினால் நடுப்பகுதி புடைக்கும். ஆதலால் பழைய படத்தைக் கணினியில் வளைக்க வேண்டியிருக்கிறது. படத்தை வளைப்பது எவ்வாறு நடைபெறுகிறது, வளைத்த படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கணினிக்குப் படம் என்பது வேறொன்றுமில்லை, புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போன்ற ஒரு கட்டம். வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். இவற்றைப் பிக்சல் என்பார்கள். நாம் படப்புள்ளி என்று சொல்வோம். கோலம் போடுகிறவர் புள்ளிகளை நேர்வரிசையில் வைக்காமல் பிறை வடிவில் வைத்துவிட்டுப் பிறகு இழை இழுத்தால், கோலமே பிறையாக வளைந்துவிடும். அல்லவா? இழைகள் புள்ளிகளைச் சுற்றி அதே முறையில்தான் போகின்றன. மாறியது புள்ளிகளின் இடம் மட்டுமே. படத்தை வளைப்பதும் இதுதான்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். அகலம் 800 புள்ளிகள் உள்ள ஒரு பெயர்ப்பலகைப் படம். இதை வாசல் வளைவுபோல நடுவில் 60 புள்ளிகள் உயர்த்த வேண்டும். இரு ஓரங்களும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நடு நெடுவரிசை, அதாவது 400-ஆவது வரிசை, 60 புள்ளிகள் மேலே போகும். 200-ஆவது வரிசை எவ்வளவு போகும்? பாதியளவு, 30 என்று சட்டென்று சொல்லத் தோன்றும். 30 ஆனால் அது கூரை முகடு, வளைவு அல்ல. எறிந்த பந்து செல்லும் பாதையைப் போன்ற வளைகோட்டில் அது 45 புள்ளிகள் உயர்ந்தாக வேண்டும். 100-ஆவது வரிசைக்குக் கணக்கிட்டால் 26¼ வருகிறது.

இந்தக் கால் புள்ளியில்தான் சூட்சுமம் இருக்கிறது. படப்புள்ளியைக் கால்பங்காக வெட்ட முடியாது. ஆகவே கணினி வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறது. பழைய புள்ளியைத் தூக்கிக்கொண்டு, 'உன்னை எங்கே வைப்பது?' என்று அது கேட்பதில்லை. அப்படிச் செய்தால் விரிகிற இடங்களில் பொத்தல் விழும். சுருங்குகிற இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். புதிய படத்தின் ஒவ்வொரு வெற்றுப் புள்ளியின் அருகிலும் நின்று, 'நீ எங்கிருந்து வந்தாய்?' என்று அது கேட்கிறது. அந்தப் புள்ளி, 'பழைய படத்தில் 26¼ புள்ளிகள் கீழேயிருந்து வந்தேன்' என்று சொல்கிறது. அந்த இடம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கிறது. முதற்புள்ளியின் வெளிச்ச அளவு 40, அடுத்ததன் அளவு 200 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் முக்கால் பங்கு, அடுத்ததில் கால் பங்கு எடுத்தால் 30-உம் 50-உம் சேர்ந்து 80. புதிய புள்ளிக்கு 80 என்ற வெளிச்சம் கிடைக்கிறது. 80 என்ற அளவு பழைய படத்தில் எங்குமே இல்லாமல் இருக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். அது கணக்கில் பிறந்த நிறம்.

இதனால் ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் படம் சிறிது மங்குகிறது. வளைத்ததையே திரும்பவும் வளைத்துக்கொண்டு போனால் கூர்மை முழுவதும் போய்விடும். தமிழ் எழுத்துக்கு இது பெருந்தீங்கு. மெல்லிய புள்ளி கரைந்துவிட்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடுகிறது. 'பட்டு' என்று எழுதியது 'படடு' என்று நிற்கும். இரண்டாம் முறை வளைக்க வேண்டியிருந்தால் மூலப்படத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தொடங்குவதே முறை. எழுத்தாக இருந்தால், படமாக மாற்றுவதற்கு முன்னரே வளைகோட்டின்மேல் அமைத்துவிடுவது இன்னும் நல்லது.

மேலே கண்ட முறையில் ஒவ்வொரு நெடுவரிசையும் நேராக மேலே ஏறியதே தவிரச் சாயவில்லை. எழுத்துகள் படிக்கட்டில் நிற்கும் மக்களைப்போல நெட்டையாகவே நிற்கும். கிம்ப் என்னும் இலவச மென்பொருளில், மேல் ஓரத்துக்கு ஒரு கோடும் கீழ் ஓரத்துக்கு ஒரு கோடும் வரைந்து படத்தை அவற்றுக்கிடையே வளைத்துப் பொருத்தும் வசதி ஒன்று உண்டு. 'கர்வ் பெண்ட்' என்று அதற்குப் பெயர். 1996-இல் பொதுமக்களுக்கு வெளியான கிம்ப், கலிபோர்னியாவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. போட்டோஷாப்பில் 2005 முதல் உள்ள 'வார்ப்' வசதியும் இந்த வகைப்பட்டதே.

வேறொரு முறையில் எழுத்துகள் வளைவுக்கேற்பச் சாயும். தேர்ச்சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல ஒவ்வொன்றும் மையத்தை நோக்கி நிற்கும். அப்போது வேறொரு விளைவு ஏற்படுகிறது. 100 புள்ளி உயரமுள்ள பட்டை ஒன்றை, 500 புள்ளி ஆரமுள்ள கால் வட்டமாக வளைக்கிறோம் என்று கொள்வோம். அதன் நடுக்கோட்டின் நீளம் சுமார் 785 புள்ளிகள். வெளி ஓரத்துக்கு 864 வேண்டும். உள் ஓரத்துக்கு 707 போதும். நேராக இருந்தபோது இரண்டும் சமம். ஆக, வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது. படம் முழுவதற்கும் எங்கும் ஒரே அளவுகோல் இருக்கும்படி இப்படி வளைக்க முடியாது. வாசல் வளைவுக்கு இது பெரிய விஷயமில்லை. வரைபடத்துக்கு இது உயிர்நாடி.

வளைகோடு என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அந்தக் கோட்டைக் கணினி எப்படி அறிகிறது? இதற்கு விடை தஞ்சோங் பகாருக்கு அந்நியமானதல்ல. 1864-இல் தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி தொடங்கப்பட்டு, 1868-இல் விக்டோரியா உலர்துறையும் 1879-இல் ஆல்பர்ட் உலர்துறையும் திறக்கப்பட்டன. உலர்துறை என்பது கப்பலை உள்ளே விட்டு நீரை இறைத்துவிட்டுப் பழுதுபார்க்கும் இடம். கப்பலின் வயிற்றில் நேர்கோடு ஏது? அந்த வளைவுகளைத் தாளில் வரைவதற்குக் கப்பல் கட்டுவோர் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை எடுத்து, சில இடங்களில் கனமான எடைக்கற்களை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். எடை இல்லாத இடங்களில் மரம் தனக்கு எது மிகக் குறைந்த சிரமமோ அந்த வகையில் வளைந்துகொள்ளும். அதன் ஓரமாகக் கோடு கிழிப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு 'ஸ்பிளைன்' என்று பெயர். கணிதத்தில் இன்று அதே பெயரில் வழங்கும் வளைகோடு அந்த மரச்சட்டத்திலிருந்து வந்ததுதான். பிரான்சில் சித்ரோயன் கம்பெனியில் தெ காஸ்தெல்ஜோ என்பவர் 1959-இலும், ரெனோ கம்பெனியில் பெசியே என்பவர் 1960-களிலும் மோட்டார் வண்டியின் உடலை வரைவதற்காக இதற்கு நெருங்கிய கணக்கு ஒன்றை உருவாக்கினார்கள். மென்பொருளில் கைப்பிடிகளைப் பிடித்து நாம் இழுக்கிற கோடுகளில் பெரும்பாலானவை பெசியே பெயரால் வழங்குபவை.

மரச்சட்டம் ஒரு கோட்டைத்தான் தரும். வரைபடம் கோடல்ல, பரப்பு. சட்டத்துக்குப் பதிலாக ஒரு மெல்லிய தகட்டை எண்ணிக்கொள்ளுங்கள். அல்லது நம் கோலத்தை ஒரு ரப்பர் விரிப்பின்மேல் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விரிப்பின் சில இடங்களைப் பிடித்து இழுத்து, பலகையில் ஆணி அடித்து நிறுத்துகிறோம். ஆணி அடித்த இடங்கள் நாம் சொன்ன இடத்தில் நிற்கும். இடைப்பட்ட கோலம் எல்லாம் தானாக நெளிந்து வழிவிடும். டார்சி தாம்ப்சன் என்னும் ஸ்காட்லாந்து உயிரியல் அறிஞர் 1917-இல் வெளியிட்ட தம் நூலில், ஒரு மீனின் உருவத்தைக் கட்டத்தாளில் வரைந்து, கட்டங்களை நெளித்ததும் அது வேறொரு மீனின் உருவமாவதைக் காட்டினார். கணினி இல்லாத காலத்திலேயே கையால் செய்த பட வளைப்பு அது. 1989-இல் ஃபிரெட் புக்ஸ்டைன் என்பவர், மெல்லிய தகடு ஆணிகளுக்கிடையே வளைகிற கணக்கை உயிர்களின் உருவங்களை ஒப்பிடுவதற்குப் பயன்படுத்திக் காட்டினார். அதே கணக்குத்தான் வரைபடங்களை வளைக்க க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளிலும் இன்று இருக்கிறது.

இப்போது நாம் தெலுக் ஆயருக்குத் திரும்பலாம்.

எந்தப் பழைய படத்தை எடுப்பது? 1822-இன் இறுதியில் லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் தயாரித்த நகரப்படம் புகழ்பெற்றது. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் சூலியாக் கம்பம் அதில் குறிக்கப்பட்டிருப்பதால் தமிழர்க்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு. ஆனால் அது நகரம் எப்படி அமைய வேண்டும் என்ற திட்டம். இருந்ததை எல்லாம் அளந்து எழுதியது அல்ல. இல்லாத தெருவுக்கு எத்தனை ஆணி அடித்தாலும் அது இருந்ததாகிவிடாது. அரசாங்க நில அளவையாளராக 1841 முதல் 1853 வரை பணியாற்றிய ஜான் டர்ன்புல் தாம்சன் அளந்து வெளியிட்ட 1846-ஆம் ஆண்டு நகரப்படம் நம் வேலைக்கு ஏற்றது. பேத்ரா பிராங்காவில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவரும் அவரே.

தாம்சன் கவனமாக அளந்தவர்தான். இருந்தும் அவர் படம் இன்றைய படத்தோடு அப்படியே பொருந்துவதில்லை. சங்கிலி கொண்டு அளந்த காலத்தின் பிழைகள் சில உண்டு. இன்றைய படம் வேறு வகை எறியத்தில் வரையப்படுகிறது. தாள் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும். அதுவும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே அளவாகச் சுருங்காது. மடித்துவைத்த கோடுகள் வேறு. புத்தகமாகத் தைத்த படம் என்றால், தையலோரத்தில் தாள் குழிவதால் நேர்கோடெல்லாம் வில்லாக விழும். இந்தக் கடைசிப் பிழையைத்தான் முதலில் கண்ட வளைவு முறையைத் திருப்பிப் போட்டு நிமிர்த்த முடியும். மற்றவற்றுக்கு ஆணிகள் வேண்டும்.

ஆணி அடிக்க ஏற்ற இடம் எது? இரண்டு படங்களிலும் இருக்க வேண்டும். இடையில் நகர்ந்திருக்கக் கூடாது. தஞ்சோங் பகார் பழைய ரயில் நிலையம் எவ்வளவு அழகான கட்டடமானாலும் 1932-இல் திறந்தது. 1846-ஆம் ஆண்டுப் படத்துக்கு அதனால் பயனில்லை. தெலுக் ஆயர்த் தெருவிலுள்ள மூன்று தலங்கள்? நகராத இடங்கள். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. தர்கா, சீனக் கோயில், பள்ளிவாசல் மூன்றும் ஒரே தெருவில், ஒரே பக்கத்தில், சில நூறு அடிகளுக்குள் வரிசையாக நிற்கின்றன. விரிப்பை ஒரே கோட்டில் மூன்று ஆணி அடித்து நிறுத்தினால் என்ன ஆகும்? அந்தக் கோட்டை அச்சாகக் கொண்டு இரு பக்கமும் எப்படி வேண்டுமானாலும் இழுபடும். ஆகவே உட்பக்கமாக ஆணி வேண்டும். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் நாராயண பிள்ளை நிறுவிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் வளாகம் அந்த உதவியைச் செய்கிறது. பழைய தெருக்களின் சந்திப்புகளும் ஆற்றங்கரை வரை பல உள்ளன. நிலத்தின் பக்கம் ஆணிக்குப் பஞ்சமில்லை.

கடல் பக்கம்தான் ஒன்றுமே இல்லை. 1879-இல் தொடங்கிய நிலமீட்புப் பணியில், வாலிச் குன்றை வெட்டி அந்த மண்ணைக் கொண்டு தெலுக் ஆயர் விரிகுடாவைத் தூர்த்தார்கள். கடலும் போயிற்று, அடையாளம் சொல்லக்கூடிய குன்றும் போயிற்று. தஞ்சோங் பகார் முனைப் பக்கம் இருந்த பால்மர் குன்றிலும் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சிய மேட்டில் ஹபீப் நூஹ் அடக்கத்தலம் நிற்கிறது. அதுவும் 1890-இல் கட்டியது. நாம் எதைத் தேடிப் புறப்பட்டோமோ, அந்தக் கரை துல்லியமாக ஆணிகள் முடிகிற ஓரத்தில் இருக்கிறது. விரிப்பின் ஓரம் காற்றில் ஆடுவதுபோல, ஆணிகளுக்கு வெளியே உள்ள பகுதிதான் வளைப்பில் மிகவும் நம்பத்தகாதது. அதிலும் அடுக்குக் கோவைகளைக் கொண்டு வளைக்கும் முறையில், மூன்றாம் படிக் கோவையை எடுத்தால் குறைந்தது 10 ஆணிகள் வேண்டும்; அத்தனையும் அடித்த பிறகும் ஓரத்தில் அது வெறிபிடித்ததுபோல் சுருளும். முதற்படிக்கு 3 ஆணிகள் போதும். அது நெளிக்காது, சாய்க்கும், திருப்பும், நீட்டும், அவ்வளவுதான். தாம்சனைப்போல அளக்கத் தெரிந்தவரின் படத்துக்கு அதற்குமேல் போக வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

தகட்டு முறையை விரும்புகிறவர்கள் பலர். காரணம், அதில் எல்லா ஆணிகளும் அச்சுப் பிசகாமல் பொருந்திவிடும்; பிழை என்று கணினி காட்டும் எண் சுழியம். பார்க்க மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் ஒரு தெருமுனையைத் தவறாக அடையாளம் கண்டு அடுத்த முனையில் ஆணி அடித்துவிட்டாலும் அங்கேயும் பிழை சுழியம்தான்! தகடு மறுபேச்சின்றி வளைந்து கொடுத்துவிடும். முதற்படிக் கோவை அப்படி வளையாது. எட்டு ஆணிகளில் ஒன்று தவறு என்றால் அந்த ஒன்றுக்கு நேரே பெரிய எண்ணைக் காட்டி முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கிற முறையை முதலில் வைத்து ஆணிகளைச் சோதித்துவிட்டு, தேவையானால் மட்டும் பிறகு தகட்டுக்குப் போகலாம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தெலுக் ஆயரின் தலங்கள் கல்லாக நிற்கின்றன. படம் பிசகினாலும் அவை பிசகா. தஞ்சோங் பகாரின் கதை அப்படியல்ல. துறைமுகத்தில் உழைத்த தமிழர்கள் வாழ்ந்த இடங்களும், கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் வீடுகள் பலவும் இன்று இல்லை. 1946-இல் அவர்கள் இங்கே தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் 1982-இல் மூடப்பட்டது. 1972-இல் திறந்த கொள்கலன் முனையம்கூட இங்கிருந்து இடம் மாறும் காலம் வந்துவிட்டது. கட்டடம் போன இடத்துக்கு வரைபடம்தான் சாட்சி. அந்தச் சாட்சியை நம் விருப்பத்துக்கு வளைத்துவிட்டு, 'இதோ, இந்த இடம்தான்' என்று பிள்ளைகளுக்குக் காட்டினால், பின்னர் திருத்துவதற்கு வேறு சாட்சி கிடையாது.

கரையோரத்துக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. நிலமீட்பு முடிந்த பிறகு வரைந்த படங்கள் இருக்கின்றன. அவற்றில் பழைய தெருக்களும் இருக்கும், புதிய நிலத்தில் போட்ட தெருக்களும் இருக்கும். புதிய தெருக்கள் இன்றும் நிற்கும் அளவுக்கு அந்தப் படத்தைக் கடல் பக்கமும் ஆணி அடித்து நிறுத்தலாம். பிறகு 1846-ஆம் ஆண்டுப் படத்தை அதன்மேல் ஏற்றலாம். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு தம்பி சாலையைக் கடப்பதுபோல. ஆனால் அண்ணனிடம் உள்ள பிழையும் தம்பிக்குச் சேரும். எனவே கரையை ஒரு மெல்லிய கோடாக வரையாமல், இத்தனை அடி முன்பின் இருக்கலாம் என்று ஒரு பட்டையாக வரைவது நேர்மை. ஆணிகளுக்கு வெளியே கிடக்கும் பகுதியை வெளிறிய நிறத்தில் விட்டுவிடலாம். எந்தெந்த இடங்களில் ஆணி அடித்தோம் என்ற பட்டியலையும், வளைக்காத மூலப்படத்தையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே இதைச் செய்து பார்க்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறோம். தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய வரைபடங்கள் பலவற்றை இணையத்தில் காணலாம். ஆணிகளை அடிக்கும்போது நாகூர் தர்காவை மட்டும் விட்டுவிடுங்கள். மாரியம்மன் கோயில், ஆற்றங்கரைச் சந்திப்புகள், மற்றத் தெருமுனைகள் இவற்றைக் கொண்டே படத்தை வளையுங்கள். முடிந்ததும் இன்றைய படத்தில் தர்கா எங்கே விழுகிறது என்று பாருங்கள். தெருவின் நிலப்பக்கத்தில், கடலைப் பார்த்தபடி நின்றால் அந்த ஓரத்தில் உங்கள் ஆணிகள் பிடித்திருக்கின்றன. பழைய கடலுக்குள் போய் நின்றால், எத்தனை அடி உள்ளே போயிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரைய வேண்டிய கரைப்பட்டையின் அகலம் ஏறத்தாழ அதுதான்.